ஒரே ஒரு ‘யெஸ்’... சான்ஸ் போச்சு!

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். நீங்கள் இன்னும் சாப்பிடவில்லை. யாரோ வந்து, ‘‘என்ன, இன்னும் சாப்பிடலையா?’’ என்று கேட்கிறார்கள். உங்கள் பதில் ‘ஆமா’வா, ‘இல்ல’யா? யோசிக்காமல் சட்டுனு சொல்லுங்க. சொல்லியாச்சா? அதை அப்படியே மனசுல வெச்சுக்கிட்டு என் சோகக் கதையைக் கேளுங்க.

போன செமஸ்டரில் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்காக எங்கள் காலேஜில் ஆள் எடுத்தது ஒரு கம்பெனி. பேர் வேண்டாம், விட்டுடுவோம். ஆப்டிட்யூட் டெஸ்ட் தாண்டி, டெக்னிக்கல் ரவுண்டு தாண்டி, கடைசியாக போனில் ஹெச்.ஆர். ரவுண்டு. பத்து நிமிஷம் ஜோராகத்தான் போனது. முடிக்கிற நேரத்தில் அந்த மேடம் கேட்டார்: ‘‘ஸோ, யூ டோண்ட் ஹேவ் எனி ஸ்டாண்டிங் அரியர்ஸ்?’’

எனக்கு ஒரு அரியர்கூடக் கிடையாது. சத்தியமா! அந்தப் பெருமையில், குரலைக் கொஞ்சம் உயர்த்தியே, ‘‘யெஸ் மேம்!’’ என்றேன். அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. ‘‘ஓகே... தேங்க் யூ.’’ கட்.

லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. பிளேஸ்மென்ட் ஆபீஸில் போய் நின்றால், ‘‘அரியர் இருக்குன்னு நீயே சொன்னியாமே... எதுக்கு அப்படிச் சொன்னே?’’ என்கிறார் சார். நான் எங்கே சொன்னேன்? ‘நீங்க சொல்றது சரிதான் மேம், அரியர் இல்லை’ என்று அல்லவா சொன்னேன்! அவர் காதில் ‘யெஸ், இருக்கு’ என்று விழுந்திருக்கிறது. மெயில் போட்டுப் பார்த்தோம். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

ரெண்டு நாள் மெஸ் பக்கமே போகவில்லை. மூணாவது நாள் எங்கள் இங்கிலீஷ் மேடம் கூப்பிட்டு, ‘‘நீ தப்பா எதுவும் சொல்லலைப்பா. தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டே, அவ்வளவுதான்’’ என்றார். லைப்ரரியில் மொழியியல் ஷெல்ஃபைக் காட்டி, ‘‘கொஞ்சம் புரட்டிப் பார்’’ என்று அனுப்பினார். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எனக்கு அங்கே என்ன வேலை? சும்மா போனேன். ஒரு வாரம் வெளியே வரவில்லை!

விஷயம் இதுதான். எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் ரெண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, கேட்டவர் சொன்னது சரியா, தப்பா என்று பார்த்துச் சொல்வது. ஜப்பானியர்கள் அப்படித்தான். ‘வரலையா?’ என்று கேட்டால், வராதவர் ‘ஹாய்’, அதாவது ‘ஆமாம்’ என்பார். ‘நீங்க சொல்றது சரி’ என்று அர்த்தம். இங்கிலீஷ் வேறு கட்சி. கேள்வி எப்படி வந்தாலும் கவலை இல்லை. உன் பதில் வாக்கியத்தில் ‘நாட்’ இருந்தால் ‘நோ’, இல்லாவிட்டால் ‘யெஸ்’. அரியர் இல்லை என்றால் ‘நோ, ஐ டோண்ட்’தான்.

நாம் எந்தக் கட்சி? இங்கேதான் கூத்து. இந்தக் கேள்வியை ஹாஸ்டலில் பத்து பேரிடம் கேட்டேன். பாதிப் பேர் ‘ஆமா, சாப்பிடல’. மீதிப் பேர் ‘இல்ல, சாப்பிடல’. ரெண்டும் ஒரே அர்த்தம்! நாம் ரெண்டு பக்கமும் ஆடுகிறோம். ஆனாலும் குழப்பம் வருவதில்லை. ஏன்? கூடவே ‘சாப்பிடல’ என்று வினையையும் சொல்லிவிடுகிறோமே. நம்மைக் காப்பாற்றுவது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. வாலில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த வினைதான். போனில் நான் வெட்டிவிட்டது அந்த வாலைத்தான்.

இந்தச் சிக்கலுக்கு ஃபிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். ‘வரலையா?’ என்று கேட்டு, வந்திருந்தால் ‘வி’ என்று சொல்ல மாட்டார்கள், ‘ஸி’ என்பார்கள். ஜெர்மன்காரர்களுக்கு ‘டோஹ்’. ஒரு காலத்தில் இங்கிலீஷிலும் நாலு வார்த்தை இருந்தது. நேராகக் கேட்ட கேள்விக்கு ‘யே’, ‘நே’. எதிர்மறையாகக் கேட்டால் ‘யெஸ்’, ‘நோ’. பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் இதைக் குழப்பிவிட்டார் என்று 1530-களில் தாமஸ் மோர் அவரைப் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். இதில் பெரிய காமெடி, மோர் சொன்ன விதியும் அவர் கொடுத்த உதாரணமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை! அதைப் பெரிய பெரிய அறிஞர்களே கவனிக்காமல் விட்டு, 19-ம் நூற்றாண்டில்தான் ஒருவர் கண்டுபிடித்தார். தாமஸ் மோருக்கே தடுமாற்றம் என்றால் நான் எம்மாத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம், நம்ம ‘ஆம்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘ஆகும்’ சுருங்கினால் ஆம். யாழ்ப்பாணத்தில் அதுவே ‘ஓம்’. அதாவது அது ஒரு வினை. ‘இல்லை’யும் ‘இல்’ என்ற வேரிலிருந்து வந்த வினைமுற்றுதான். தலையை ஆட்டுவதற்குப் பதிலாக வாயால் சொல்லும் வெறும் ‘யெஸ், நோ’ நமக்குக் கிடையாது. ‘வந்தியா?’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையைத் திருப்பிச் சொல்வதுதான் நமக்குச் சுலபம். அயர்லாந்தின் ஐரிஷ் மொழியிலும் இதே கதை. அங்கே யெஸ், நோவுக்கு நேரான வார்த்தையே இல்லை, வினைதான் பதில்.

சரி, ‘யெஸ்’ஸை விடுங்க. இனிமேல் ‘நோ’ பக்கம் போவோம். எங்கள் பாடத்தில் மறுப்பு என்றால் ரொம்ப சிம்பிள். 7404 என்று ஒரு ஐ.சி. அதுக்குள்ளே ஆறு நாட் கேட். ஒன்று போட்டால் சைபர் வரும், சைபர் போட்டால் ஒன்று வரும். சி புரோகிராமில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் வேலை முடிந்தது. மொழியிலும் அப்படித்தான், வாக்கியத்தில் ஒரு ‘இல்லை’யைச் செருகினால் போதும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

செருகிப் பாருங்களேன்! ‘வந்தான்’ என்பதற்கு எதிர்மறை ‘வந்தான் இல்லை’யா? ‘வரவில்லை’. ‘வருகிறான்’ என்பதற்கு? அதே ‘வரவில்லை’! ‘வருவான்’ என்றால் மட்டும் ‘வரமாட்டான்’. ‘வரும்’ என்பதற்கு ‘வராது’. இப்போது கணக்குப் பாருங்கள். ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் யார் வந்தது, எப்போது வந்தது ரெண்டும் இருக்கிறது. ‘வரலை’யில் ரெண்டும் போச்சு. நானா, நீயா, அவளா? நேத்தா, இப்பவா? எதுவும் தெரியாது. நடந்த விஷயத்துக்குத்தான் நேரம் காலம் எல்லாம். நடக்காததுக்கு என்ன டேட், டைம் வேண்டிக்கிடக்கு என்று மொழியே முடிவு பண்ணிவிட்டது போல. எதிர்மறை என்றதும் வாக்கியத்தின் எலும்புக்கூடே மாறிப்போவதை மொழியியலில் சமச்சீரற்ற மறுப்பு என்கிறார்கள். ஃபின்லாந்துக்காரரான மாட்டி மியஸ்டாமோ இதைப் பற்றி 2005-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

ஃபின்லாந்து என்றதும் ஞாபகம் வருகிறது. ஃபின்னிஷ் மொழியில் மறுப்பே ஒரு வினை. நான் என்றால் ‘என்’, நீ என்றால் ‘எத்’, அவன் அவள் என்றால் ‘எய்’, நாங்கள் என்றால் ‘எம்மே’... பக்கத்தில் ‘துலே’ என்று ‘வா’ சும்மா உட்கார்ந்திருக்கும். ‘என் துலே’, ‘எத் துலே’, ‘எய் துலே’. ஆளுக்குத் தகுந்தபடி உடம்பை வளைப்பது ‘நோ’தான்! எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? மாட்டேன், மாட்டாய், மாட்டான், மாட்டோம்... பக்கத்தில் ‘வர’ சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு மொழிக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபணம் எதுவும் கிடையாது. ஆனா அச்சு அசல் அதே ஐடியா.

இது அபூர்வமான ஐடியாவும்கூட. மாத்யூ டிரையர் என்ற மொழியியலாளர் உலக மொழிகளின் அட்லஸ் ஒன்றுக்காக 1157 மொழிகளில் ‘நோ’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி வகை பிரித்திருக்கிறார். 502 மொழிகளில் அது இங்கிலீஷ் ‘நாட்’ மாதிரி மாறாத தனிச்சொல். 395-ல் வினையோடு ஒட்டிய விகுதியோ முன்னொட்டோ. மறுப்பைத் துணைவினையாக வைத்திருப்பவை வெறும் 47. ஆனால், எதிர்மறையே இல்லாத மனித மொழி என்று ஒன்றை இதுவரை யாரும் காட்டியதில்லை.

நம்ம ‘மாட்டேன்’ பற்றி இன்னும் ஒரு சங்கதி. பழைய தமிழில் ‘மாட்டுதல்’ என்றால் முடிதல், இயலுதல். அப்போது மாட்டேன் என்றால் ‘என்னால் முடியாது’. இன்றைக்கு அது ‘எனக்கு இஷ்டம் இல்லை’ ஆகிவிட்டது. ‘வரமுடியாது’ என்றால் ஏதோ கஷ்டம் இருக்கு. ‘வரமாட்டேன்’ என்றால் திமிர்! இப்போது காலையில் பார்க்கிங்கில் கேட்கிற ஒரு வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். ‘‘மச்சான், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.’’ பிரித்தால் மாட்டேன் + என்கிறது. வண்டி தானே வாயைத் திறந்து, ‘‘நான் ஸ்டார்ட் ஆக மாட்டேன்’’ என்று சொல்கிறதாம்! தினமும் இதைச் சொல்கிறோம், ஒருநாளும் சிரிச்சதில்லை.

வேண்டாம், கூடாது, முடியாது, தெரியாது, கிடையாது... நம்மிடம் ‘நோ’ ஒரு மூட்டையே இருக்கிறது. குழந்தைகள் எந்த ‘நோ’வை முதலில் பிடிக்கிறார்கள் என்று அமெரிக்காவில் லோயிஸ் புளூம் ஆராய்ந்து, 1970-ல் எழுதியிருக்கிறார். பொருள் இல்லை என்பது ஒன்று, எனக்கு வேண்டாம் என்பது ஒன்று, நீ சொல்வது அது அல்ல என்பது ஒன்று. இங்கிலீஷ் குழந்தைகள் மூணுக்கும் பெரும்பாலும் ஒரே ‘நோ’வைச் சொல்லிச் சமாளிக்கின்றன. அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு. ‘பால் இல்ல’ வேறு, ‘பால் வேணாம்’ வேறு என்று அதற்கு நல்லாவே தெரிகிறது. ரெண்டாவதைச் சொல்லும்போது டம்ளர் பறக்கும்!

ஆனால் மூணாவது ‘நோ’வை நாம் பேச்சில் தொலைத்துவிட்டோம். இல்லை என்றால் இருப்பை மறுப்பது. அல்ல என்றால் அடையாளத்தை மறுப்பது. எழுதும்போது ஞாபகம் வருகிறது, பேசும்போது எல்லாமே இல்லைதான். என் ரூம்மேட் பாலக்காட்டுக்காரன். ஒருநாள் காய்ச்சலுக்குக் கிளினிக் போனவன், ‘‘டாக்டரா?’’ என்று உள்ளே இருந்தவரைக் காட்டி கேட்டிருக்கிறான். ‘‘டாக்டர் இல்லீங்க’’ என்று பதில் வந்ததும் திரும்பி வந்துவிட்டான். அவர் சொன்னது ‘இவர் டாக்டர் அல்ல, கம்பவுண்டர்’ என்று. டாக்டர் பின்னாடி ரூமில்தான் இருந்திருக்கிறார்! மலையாளத்தில் இந்தத் தகராறே கிடையாது. ‘டாக்டர் இல்லா’ வேறு, ‘டாக்டர் அல்லா’ வேறு. தெலுங்கில் ‘லேது’, ‘காது’. கன்னடத்திலும் இல்ல, அல்ல ரெண்டும் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது. நாம் மட்டும்தான் சிக்கனம்!

இலக்கண வகுப்பில் ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று மனப்பாடம் பண்ணினோமே, ஞாபகம் இருக்கா? பேரைக் கேட்டாலே தூக்கம் வரும். ஆனால் செல்லாக்காசு, வாடாமலர் எல்லாம் அதுதான். ‘செல்லாத’ என்பதில் கடைசி எழுத்து கெட்டது, அவ்வளவுதான் மேட்டர். அதைவிடப் பெரிய மேஜிக் ஒன்று பழந்தமிழில் இருக்கிறது. செய்தேன், செய்கிறேன், செய்வேன். மூன்றிலும் நடுவில் ஒரு காலம் காட்டும் உறுப்பு. அந்த நடு உறுப்பை உருவி எடுத்துவிடுங்கள். செய்யேன். அர்த்தம்? செய்யமாட்டேன்! அறியேன், காணேன் எல்லாம் இதே வகை. எதையும் சேர்க்காமல், இருந்ததை எடுத்ததாலேயே மறுப்பு வந்துவிடுகிறது. உலகத்தில் பெரும்பாலான மொழிகள் ‘நோ’ சொல்ல ஏதாவது ஒன்றைக் கூட்டும், இது கழித்தல். நம் இலக்கண ஆசிரியர்கள் கேட்டால், ‘ஆ என்ற எதிர்மறை இடைநிலை அங்கே வந்து கெட்டுவிட்டது’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் காதுக்குக் கேட்பது வெறும் காலியிடம்தான். ஓப்பன் சர்க்யூட் மாதிரி!

‘நோ’ தேய்ந்துபோவதும் உண்டு. பழைய ஃபிரெஞ்சில் வினைக்கு முன்னால் ‘ந’ என்று சொன்னால் போதும். ரொம்ப மெல்லிசான சத்தம். அழுத்தம் பத்தாமல், ‘ஓர் அடிகூட நடக்கலை’ என்பது போல ‘பா’ என்று பின்னால் சேர்த்தார்கள். பா என்றால் காலடி. ‘ஒரு துளிகூட’, ‘ஒரு பொடிகூட’ என்றெல்லாமும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். போட்டியில் ஜெயித்தது காலடி. இன்றைக்குப் பேச்சு ஃபிரெஞ்சில் முன்னால் இருந்த ‘ந’ பெரும்பாலும் காணாமல்போய், ‘பா’தான் மறுப்பே! டென்மார்க் அறிஞர் ஆட்டோ எஸ்பர்சன் 1917-ல் இந்தச் சுழற்சியை விவரித்தார். இங்கிலீஷ் ‘நாட்’டும் ஒரு காலத்தில் ‘ஒன்றுமில்லை’ என்ற முழு வார்த்தையாக இருந்து தேய்ந்ததுதான். நாமும் சளைத்தவர்கள் இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்றால் யார் நம்புகிறார்கள்? ‘எனக்கு ஒரு மண்ணும் தெரியாது’ என்றால்தான் வைவாவில் விடுகிறார்கள்.

ரெண்டு ‘நோ’ சேர்ந்தால்? எங்கள் லேபில் ரெண்டு நாட் கேட்டை வரிசையாக மாட்டினால் போட்டது அப்படியே திரும்ப வரும். இங்கிலீஷுக்கும் இதே விதியை 18-ம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அதுக்கு முன்னால் சாசரின் இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தில் மூணு ‘நோ’ வந்தாலும் மறுப்பு மறுப்புதான். ரஷ்ய மொழியில் இன்றைக்கும் ‘யாருமில்லை வரவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். நம்மிடம்? ‘‘பரீட்சைன்னா பயம் இல்லையா?’’, ‘‘இல்லாமல் இல்லை.’’ இது ‘இருக்கு’வுக்குச் சமமா? யோசித்துப் பாருங்கள். பயம் இருக்கு, ஆனா ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம். ரெண்டு கேட் தாண்டி வரும் சிக்னலும் அதே சிக்னல்தான் என்றாலும், சில நானோ செகண்ட் லேட்டாக வரும். மனசுக்கும் அந்த டிலே உண்டாம். எதிர்மறை வாக்கியம் சரியா தப்பா என்று முடிவு பண்ண ஆட்களுக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்று பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1959-லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார். ‘கீழ்க்கண்டவற்றுள் எது சரி அல்ல?’ என்ற கேள்வியில் நாம் மார்க்கை விடுவது சும்மா இல்லை பாஸ்!

இன்னும் ஒண்ணே ஒண்ணு. இது காதலிக்கிறவர்களுக்கு. ‘‘உனக்காக நான் வரலை.’’ இதுக்கு என்ன அர்த்தம்? ‘நான் வந்திருக்கேன், ஆனா உனக்காக அல்ல’ என்பது ஒன்று. ‘உன் நல்லதுக்காகத்தான் நான் வராமல் இருந்தேன்’ என்பது இன்னொன்று. எழுத்து ஒன்றுதான். ‘இல்லை’ எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம். முதலில் அது ‘உனக்காக’வைப் பிடிக்கிறது, ரெண்டாவதில் ‘வர’வை. நேரில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மெசேஜில் அனுப்பினால் கோவிந்தா!

இதையெல்லாம் படித்த பிறகு காது தானாகவே ‘இல்லை’யைத் தேட ஆரம்பித்துவிட்டது. போன மாசம் அப்பத்தாவை ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் சீட்டைப் பார்த்துக்கொண்டே, ‘‘பாட்டி, மருந்து எதுவும் ஒத்துக்காம இல்லையே?’’ என்றார். அதில் ரெண்டு மறுப்பு இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள். அப்பத்தா தெளிவாக, ‘‘ஆமாம்மா’’ என்றது. எனக்கு வயித்தைக் கலக்கியது. என் ‘யெஸ் மேம்’ ஞாபகம்! எந்த ஆமா இது? நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரே நிமிர்ந்து பார்த்து, கேள்வியைத் திருப்பிப் போட்டார். ‘‘ஆச்சி, எந்த மருந்து சாப்பிட்டாவது உடம்புல தடிப்பு, அரிப்பு வந்திருக்கா?’’

‘‘வந்துச்சே. பெனிசிலின் போட்டப்ப வந்துச்சு’’ என்றது அப்பத்தா.

ஊசி மாறியது. வெளியே வரும்போது, ‘‘அந்தப் பொண்ணு கேக்கும்போதே சொல்றதுக்கென்ன?’’ என்றேன். ‘‘அதான் ஆமான்னு சொன்னேனே!’’ என்று என்னையே முறைத்தது.

வர்ற வாரம் அடுத்த கம்பெனி வருகிறது. ரூம்மேட் இப்போதெல்லாம் தினமும் ராத்திரி எனக்கு மாக் இன்டர்வியூ நடத்துகிறான். ‘‘யூ டோண்ட் மைண்ட் ரீலொகேட்டிங்?’’ என்று தூக்கத்தில்கூட எழுப்பிக் கேட்கிறான். ‘‘ஐ ஆம் ஹேப்பி டு ரீலொகேட்’’ என்று வாலோடு முழு வாக்கியமாகச் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுக்கிறேன்.

‘‘என்னடா, இந்தத் தடவை பயம் இல்லையா?’’ என்று நேற்று கேட்டான்.

‘‘இல்லாமல் இல்லை.’’